ஓட்டுப் பாப்பாவின் நுரைக்கல்

பள்ளி ஓவிய அறை,
செவ்வாய் மாலை.

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். போன கடிதத்தில் அப்படி எழுதவில்லை. என் நுரைக்கல் முதல் தடவையே நன்றாக வந்தது என்று எழுதியிருந்தேனே, அது பொய்.

செய்முறையில் பொய் இல்லை. அப்பா ஜன்னலுக்கு வெட்டியது போக மிஞ்சும் கண்ணாடித் துண்டுகளை இடித்துச் சலித்தேன். முட்டை ஓடுகளை வெந்நீரில் ஊறவைத்து, உள்தோலை உரித்து, காயவைத்து அரைத்தேன். நூறு பங்கு கண்ணாடிக்கு மூன்று பங்கு ஓடு. அச்சில் அழுத்தி, களிமண் பொம்மை சுடும் மின்சூளையில் வைக்க வேண்டும். கண்ணாடி இளகும்போது ஓட்டிலிருந்து வாயு கிளம்பும். வெளியே போக வழியில்லாமல் குமிழாக உள்ளேயே தங்கிவிடும். கல் ரொட்டி மாதிரி உப்பும்.

ஓடு சேர்ப்பதுதான் பெரும்பாடு. நீ இருந்தபோது ஒரே நாளில் ஆறு முட்டை உடைப்போம். இப்போது வாரத்துக்கே நாலுதான். அப்பா எனக்காகத் தினமும் ஆம்லெட் சாப்பிட்டார். ஐந்தாம் நாள், "இனிமே நான் கொக்கரிக்க ஆரம்பிச்சிடுவேன், என்னை விட்டுடும்மா" என்று கும்பிட்டார். பிறகு பேக்கரிக்காரரிடம் போனேன். "எல்லாரும் கேக் கேப்பாங்க, நீ குப்பையைக் கேக்கறியே!" என்று சிரித்துவிட்டு ஒரு வாளி நிறையக் கொடுத்தார். அன்றிலிருந்து அவருக்கு நான் ஓட்டுப் பாப்பா. பள்ளி விட்டு வரும் வழியில் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.

சூளையை அணைத்த பிறகு, அது முழுதாக ஆறும்வரை கதவைத் திறக்கக் கூடாது. ஓவிய டீச்சர் மூன்று தடவை சொன்னார். ஆனால் முதல் கல் ஆறிக்கொண்டிருந்த அன்று வெள்ளிக்கிழமை. நீ ஐந்து மணிக்குக் கூப்பிடும் நாள். கல்லைப் பார்த்துவிட்டு உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நாலரைக்கே திறந்துவிட்டேன். டிக் என்று ஒரு சத்தம். கல் இரண்டாகப் பிளந்துவிட்டது.

வீட்டுக்கு ஓடி வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறு மணி வரை நீ கூப்பிடவில்லை. நீ அங்கே வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்திருக்கும்.

மறுநாள் நான் பேக்கரிக்குப் போயிருந்தபோது கூப்பிட்டாயாம். அப்பா தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "அம்மா இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே வேலையில இருக்கறதா கையெழுத்துப் போட்டுட்டாங்க." நான் "சரிப்பா" என்றேன். அன்றுதான் உனக்கு அந்தப் பொய்யை எழுதினேன். போன வெள்ளிக்கிழமை போனில் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அதே வெள்ளிக்கிழமை இரண்டாவது கல்லைச் சுட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சூளைப் பக்கமே போகவில்லை. நேற்றுத்தான் திறந்தேன். சாம்பல் பச்சை நிறம், உடம்பெல்லாம் பொடித் துளைகள். வாளித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது அம்மா! அறையில் வேறு யாரும் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காத்திருக்க எனக்கு இப்போது தெரிகிறது. ஆனால் சூளைக்கே இரண்டு நாள்தான் அம்மா.

வேளைக்குச் சாப்பிடு. உன் உடம்பையும் பார்த்துக்கொள். வெள்ளிக்கிழமை மட்டும் மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் மகள்

பி.கு.: காவலாளி அண்ணன் வந்து, "இன்னும் முடியலையா கண்ணு?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். விளக்கை அணைக்கப் போகிறார்.