மேற்கே போன பெட்டி

பிப். 3, புதன்
காலையில் பனி, எட்டுக்கெல்லாம் வெயில். வானிலை நிலையத்து மாடியிலிருந்து, ஓசோனும் காற்றும் அளக்கும் கருவிப் பெட்டியோடு பலூன் விட்டோம். வாங்க வேண்டியது: சீரகம், அம்மாவுக்குக் கண் மருந்து, டேப்.

இருபத்திரண்டு கி.மீ. உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசுவதாகக் காட்டுகிறது. இப்போது அங்கே மேற்குக் காற்றுதான் இருக்க வேண்டும். கிழக்கும் மேற்குமாக மாறி மாறி வீசும் காற்று, ஒரு சுற்றுக்கு இரண்டு வருடத்துக்குச் சற்று மேல். அதுவும் உச்சியிலிருந்து மெல்ல இறங்கி வரும். நடுவில் முளைக்காது. அந்த அடுக்கில் ஓசோனும் குறைவு. ஓசோன் கருவியில் ஊற்றிய கரைசல் பழசு, ஜிபிஎஸ் கோளாறு. வேறென்ன.

புதிதாகச் சேர்ந்த அனிதா ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோர் முன்னாலும் கடுமையாகப் பேசிவிட்டேன். மாத அறிக்கையிலிருந்து இந்த பலூனை வெட்டச் சொன்னேன்.

பிப். 4, வியாழன்
தலைவலி. பாறசாலை ரயில்வே கேட்டில் வெகு நேரம். அனிதா முகம் கொடுக்கவில்லை.

என் ஆய்வுப் பட்டமே இந்தக் காற்றின் ஒழுங்கை நம்பித்தான். பிறகு எழுதியதெல்லாமும். சாமியை நம்பாதவள். இதை நம்பியிருந்தேன்.

பிப். 5, வெள்ளி
புதனன்று விட்ட பலூனின் பெட்டியில் ஒட்டிய எண்ணுக்கு அழைப்பு. பொழியூர் மீனவர், சேவியர். வலையில் தெர்மோகோல் பெட்டியும் கிழிந்த பலூனும்.

"மேடம், இது பொட்டுமா? கூட உள்ளவன் குண்டாக்கும்னு பயந்து கடல்ல சாடப் பாத்தான்."

வெடிக்காது என்றேன். எங்கே கிடைத்தது? கரை கண்ணுக்குத் தெரியாத தூரமாம்.

இந்த மாதத்தில் பெட்டிகள் கிழக்கே, மாநில எல்லை தாண்டி ரப்பர் தோட்டங்களில்தான் விழும். இரண்டு நாள் நீரோட்டம் இழுத்திருக்கலாம். ஆனால் தோட்டத்தில் விழுந்ததை எந்த நீரோட்டம் இழுக்கும்?

வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். "அப்போ ஒனக்கு அந்த மெஷின் கேடா இருந்தாத்தான் நிம்மதி, இல்லியா?" ரசம் ஆறிப்போயிற்று.

பிப். 8, திங்கள்
புழுக்கம். தென்னையில் ஓலை அசையவில்லை. புதுக் கரைசல், புதுக் கருவி. எல்லாம் நானே சரிபார்த்தேன். கயிற்றை விட்டது அனிதா.

பலூன் முதலில் கிழக்கே நகர்ந்தது. மூச்சு வந்தது. இருபத்திரண்டை நெருங்கியதும் திரையில் புள்ளி தயங்கி, மேற்கே திரும்பியது.

அனிதா என்னைப் பார்க்காமல் கேட்டாள். "இதயும் வெட்டணுமா அக்கா?"

இரண்டு பலூனையும் அறிக்கையில் சேர்க்கச் சொன்னேன். கிழக்குக் காற்றின் அடுக்கு போன வாரத்தைவிடத் தடிமன். புள்ளி கரையைத் தாண்டி இன்னும் மேற்கே.