மேலேயிருந்து வந்த பூ

இன்று காலை வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். வாய்க்காலில் ஒரு செவ்வரத்தம்பூ மிதந்து வந்து காலில் முட்டியது. வேலியோரத்து மரத்திலிருந்து விழுந்ததுதான். ஆனாலும் நெஞ்சு எரிந்தது. இத்தனை வருடமாகியும் அவன் என் தோட்டத்துக்குள் வருகிறானே!

எண்பத்து மூன்று கலவரத்தில் மலைநாட்டிலிருந்து ஒரு சூட்கேசோடு புத்தூருக்கு வந்தீர். அடுத்த வருடம் என் மனைவியானீர். நீர் கொண்டுவந்த சீதனம் ஓர் ஓடையின் கதைதான். மலையிலிருந்து இறங்கும் ஓடை. மேலே தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம், கீழே உங்கள் லயம், அதற்கும் கீழே சிங்களவரின் நாலைந்து வீடுகள். மேலே உள்ளவர்கள் துவைத்துக் குளித்து முடித்ததும் ஒரு சிவப்புப் பூவைத் தண்ணீரில் விடுவார்களாம். அது வந்து, கலங்கல் தெளிந்த பிறகுதான் நீங்கள் குடிக்க அள்ளுவீர்களாம்.

"ஆர் விடுறது?"

"மேல இருக்கிறவங்க."

"ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

"பூவுல பேரா எழுதியிருக்கும்? கிழவியா இருந்தாலும் இருக்கும்."

நீர் சிரித்தீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனதில் அவன் மீசை அரும்பிய இளந்தாரி.

மண்ணெண்ணெய் கிடைக்காமல் இறைக்கிற மெசின் சும்மா கிடந்த காலத்தில் நான் கிணற்றில் துலாவால் இறைத்தேன். நீர் வாய்க்கால் முடிகிற மறுதொங்கலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினீர்.

"கடைசி வாளி ஊத்தினதும் ஒரு பூ விடுங்க. நான் தெரிஞ்சுக்கிறேன்."

"இதென்ன உம்மடை ஓடையோ? கூப்பிட்டுச் சொல்லுறன்."

கூப்பிட்டுத்தான் சொன்னேன், எப்போதும். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். காய்ச்சல் உம்மை விடவில்லை. தண்ணீராவது இறங்கவேண்டும் என்றார் பார்க்க வந்த தாதி. நீரோ வாயை இறுக மூடிக்கொண்டீர்.

"இன்னும் பூ வரல. கலங்கலா இருக்கும்."

"குடியுமப்பா" என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவனல்ல, உமக்குத் தெரியும்.

வெளியே போய், யாரோ வீட்டு வேலியில் ஒரு செவ்வரத்தம்பூ பிடுங்கி வந்து தண்ணீர்ப் பேணிக்குள் மிதக்கவிட்டேன். முழுவதையும் குடித்தீர்.

"மேல முடிச்சிட்டாங்க" என்று சிரித்தீர்.

"நான்தான் விட்டனான். இஞ்சை பாரும், நான்!"

கண்ணை மூடிவிட்டீர். மறுநாள் போய்விட்டீர், அந்தச் சிரிப்பு யாருக்கென்று சொல்லாமலே.

இன்று அந்தப் பூவை எடுத்து வேலிக்கு வெளியே எறிந்தேன். மரத்தில் அதைவிடப் பெரிதாக ஒன்று தேடிப் பிடுங்கினேன். கிணற்றடியில் நின்று வாய்க்காலில் விட்டேன். நீர் எப்போதும் நிற்கும் அந்த மறுதொங்கல் வரை அது எங்கும் தட்டாமல் போனது.

அது நான் விட்டது. தெரிந்துகொள்ளும்.