மூடிய சோப்புக் கம்பெனியும் எங்கள் மேலாண்மைப் பள்ளியும்

அன்புள்ள வாலுவுக்கு,

ஆண்டவர் கிருபையில் இங்கே இரண்டு பேரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, டாக்டர் தினமும் நடக்கச் சொன்னால் இவர் நாற்காலியில் சாய்ந்தபடி நடப்பதன் நன்மைகளைப் பற்றிப் பேசுகிறார். அண்ணனும் அண்ணியும் வீடு மாற்றிவிட்டார்கள், சமையலறையில் ஜன்னல் இருக்கிறது என்று அண்ணிக்கு ஒரே சந்தோஷம். உன் கடிதம் வந்தது. நீயும் உன் சிநேகிதியும் சேர்ந்து நடத்திய கம்பெனியை மூடிவிட்டதாகவும், அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய், நம் கல்லூரி மேலாண்மைப் பள்ளியின் பொன்விழாவுக்கு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவது என்றும் கேட்டிருந்தாய். விழா போன வாரம் முடிந்தது, அது எப்படி நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

துறைத் தலைவி என்பதால், பள்ளி எப்படித் தொடங்கியது, எதற்காக நடக்கிறது என்று பேசும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதியதை முன்கூட்டியே காட்டச் சொன்னார் நிர்வாகக் குழுத் தலைவர், உனக்கு நினைவிருக்கும், லாரி கம்பெனி முதலாளி, கோவிலில் முன் வரிசையில் உட்கார்ந்து கடைசி ஆளாகப் பாடுகிறவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நான் அதில் எழுதியிருந்தது, எனக்குப் பாடம் எடுத்த கணக்கு வாத்தியார் சொன்ன கதைதான். அந்தக் காலத்தில் கல்லூரியில் இறையியலும் இலக்கியமும் கணக்கும் வேதியியலும் தவிர வேறு ஒன்றும் கிடையாது. பக்கத்துத் தெருவில் இருந்த சோப்புத் தொழிற்சாலையை முதலாளி பூட்டிவிட்டுப் போனதும் வேலை போனவர்கள் எல்லோரும் முதல்வராக இருந்த பாதிரியாரைத் தேடி வந்தார்கள். அவர், "வாங்க, ஜெபம் பண்ணுவோம்" என்றாராம். சோப்புக்குத் தாள் சுற்றும் பகுதியில் வேலை பார்த்த ஒரு அம்மா, "ஜெபத்த நாங்க வீட்டுலயே பண்ணிக்கிறோம் ஃபாதர், ஒரு கம்பெனிய எப்படி நடத்துறதுன்னு சொல்லிக் குடுங்க" என்றாளாம். அவருக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது, ஏனென்றால் அவருக்கும் தெரியாது. கணக்கு வாத்தியாரை வெளியூருக்கு அனுப்பிப் படித்துவரச் செய்தார், பாதிரியாருக்குக் கடைக்காரன் வேலை எதற்கு என்று சபையில் முணுமுணுத்தவர்களிடம், வியாபாரம் பாவமில்லை, பக்கத்தில் இருக்கிறவன் பிழைக்கிறானா சாகிறானா என்று பார்க்காமல் வியாபாரம் பண்ணுவதுதான் பாவம் என்றார். வேதியியல் கூடத்தில் சாயங்கால வகுப்பு தொடங்கியது. அதுதான் நம் பள்ளி. தொழிலாளர்களே கூட்டாகத் தொழிற்சாலையைத் திறந்தார்கள், சில வருடம் ஓடியது, பிறகு அதுவும் மூடியது.

தலைவருக்கு அந்தக் கடைசி வரி தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. "தோத்த கதையக் கேட்டுட்டு எந்தப் பெத்தவங்க மேடம் பிள்ளைய இங்க கொண்டுவந்து சேர்ப்பாங்க? தொழிற்சாலை திறந்துச்சுன்னு சொல்லி நிறுத்திக்குங்களேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். யோசிக்கிறேன் என்று எழுந்து வந்தேன். யோசித்தேன், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அவர் கவலையெல்லாம் அடுத்த வருடச் சேர்க்கை. ஆனாலும் விழாவன்று எழுதியபடியேதான் படித்தேன். தலைவர் முகம் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி ஆனது. உன்னை மனதில் வைத்து அப்படிச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே, பாதிக் கதை சொல்ல எனக்கு வராது, அவ்வளவுதான்.

படித்து முடித்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, அந்த அம்மா அப்புறம் என்ன ஆனாங்க மேடம் என்று கேட்டாள். தாளில் அது இல்லை, வாத்தியார் சொன்னது நினைவில் இருந்தது, சொன்னேன். கூட்டாகத் திறந்த தொழிற்சாலையும் மூடிய மறுநாள் சாயங்காலம் அந்த அம்மா வகுப்புக்கு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பாதிரியார், இனி எதுக்கும்மா வர்றீங்க என்று கேட்டிருக்கிறார். "நடத்துறது எப்படின்னு சொல்லிக் குடுத்தீங்க. ஏன் நின்னுபோச்சுன்னு இன்னும் சொல்லித் தரலயே" என்றாளாம். அன்றைக்கு வகுப்பே அதுதான். கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் மனம் கோணக் கூடாதென்று உண்மையைச் சொல்லாமல் இருந்ததுதான் காரணம் என்று கடைசியில் கண்டுபிடித்தார்கள். மூடிப்போன ஒரு தொழிலைப் பற்றி ஒவ்வொரு மாணவரும் எழுதியாக வேண்டும் என்ற விதி அப்படி வந்ததுதான். நீயும் எழுதினாய், திட்டிக்கொண்டே எழுதினாய். இதைச் சொன்னதும் அரங்கில் யாரும் கைதட்டவில்லை, ஆனால் காப்பி இடைவேளையில் பிள்ளைகள் என்னை விடவில்லை.

என் உரை விழா மலரில் வராது என்று தலைவர் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த வருடம் துறைத் தலைமையும் வேறொருவருக்குப் போகிறது. எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய், தூக்கம் கெடும் அளவுக்கு இல்லை என்றால் உண்மை.

அப்பாவும் விழாவுக்கு வந்திருந்தார். திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "வாலு கம்பெனிய மூடிட்டாளா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை, யார் சொன்னது என்றேன். "போன்ல வேலையத் திட்டி ரொம்ப நாளாச்சு அவ. திட்டாம இருக்கிற பிள்ளையா அது?" என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "மூடினது கம்பெனியத்தானே, நம்ம வீட்டையா? எப்ப வர்றான்னு கேளு" என்றார். கேட்கிறேன்.

கர்த்தர் உன்னையும் உன் சிநேகிதியையும் காத்து நடத்துவாராக. அவளோடு பேசாமல் இருந்துவிடாதே, மனம் கோணினாலும் பேசு. வருவதென்றால் இரண்டு நாள் முன்னால் சொல், உன் அறையில் அப்பா பழைய பேப்பரை அடுக்கி வைத்திருக்கிறார், அதை எடுக்க எனக்கு அவரோடு சண்டை போட நேரம் வேண்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா