மணிவேலு அடைத்த ஓடை

ஜனவரி 20

மணிவேலுவின் லாட்ஜுக்கு வெள்ளையடிக்கிறார்கள். டிசம்பர் புயலில் அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை. மலையிலிருந்து இறங்கும் ஓடையை மூடி அதன்மேல் கட்டினான். தண்ணீர் திரும்பி எங்கள் வீட்டுக்குள் வந்தது. என் வீட்டுக்காரர் மாறனைச் சேற்றுக்குள்ளிருந்து பிணமாகத்தான் எடுத்தோம்.

அவன் வெள்ளையடிக்கிறான்.

ஜனவரி 29

வீடிழந்தவர்களுக்குக் கட்டிக்கொடுக்கும் குழுவிலிருந்து இன்ஜினியர் ரூக்ஸார் வந்தாள். சூளைச் செங்கல் வேண்டாமாம். வீட்டை மூடிய மண்ணிலேயே கொஞ்சம் சிமென்ட் கலந்து, மெஷினில் அழுத்திக் கல் செய்யலாமாம்.

"இந்த மண்ணுல கட்ட மனசு வருமாக்கா?"

"வரும். ஒரு கூடைகூட வெளிய போகக் கூடாது."

பிப்ரவரி 17

மெஷின் கைப்பிடியை அழுத்தும்போதெல்லாம் மணிவேலுவின் கழுத்தை நினைத்துக்கொள்கிறேன். கற்கள் நன்றாக வருகின்றன.

மார்ச் 9

வந்தான். "மண்ணுல வீடா பொன்னி? இடத்த எனக்குக் குடுத்துட்டு எங்கனா நிம்மதியா இரு."

நிம்மதியா! செருப்பால அடிச்சிருக்கணும். ஏன் சும்மா நின்னேன்?

மார்ச் 11

வீட்டுக்கு மேல்புறம், உருண்டு வந்த பாறைகளை அடுக்கி ஒரு தடுப்புச் சுவர். அதை நேராக இல்லாமல் கோணலாகக் கட்டச் சொன்னேன்.

ரூக்ஸார் என்னையே பார்த்தாள். "அப்டி வெச்சா தண்ணி நேரா லாட்ஜுக்குப் போவும்கா."

"தெரியும்."

"உள்ள தங்கறவங்க கிரிவலம் வந்தவங்க. இதுல நான் கை வெக்க மாட்டேன்."

போய்விட்டாள். நானே அடுக்குவேன்.

ஜூன் 2

புது வீட்டில் பால் காய்ச்சினேன். சுவரும் முடிந்தது. மழைக்காகக் காத்திருக்கிறேன்.

அக்டோபர் 23

விடிந்ததிலிருந்து ஊற்றுகிறது. சுவரோரம் செம்மண் தண்ணீர் திரும்பியது. நான் நினைத்த இடத்துக்கே. சிரிப்பு வந்தது. அப்போது லாட்ஜ் ஜன்னலில் ஒரு பெண், குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

ஐயோ, என்ன பண்ணிட்டேன்?

ஓடினேன். கதவு கதவாகத் தட்டினேன். எல்லாரும் இப்போது என் வீட்டில், ஈரத் துணியோடு. லாட்ஜ் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர்.

கடைசியாக மணிவேலு வாசலில் வந்து நின்றான். "உள்ள வரட்டுமா?"

"மொதல்ல கடப்பாரைய எடு. ஓடைய தொற."

அக்டோபர் 27

லாட்ஜின் முன்பாதியை இடித்து ஓடையைத் திறக்கிறார்கள். கூலியாட்களோடு மணிவேலுவும் மண் வாருகிறான். என் சுவரை நேராக்கித் தர, நான் கூப்பிட்டு ரூக்ஸார் வந்திருந்தாள்.

மதியம் அவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். நான் அசையவில்லை. ரூக்ஸார் என் அடுக்களைக்குள் போய், மாறனின் சொம்பில் மொண்டு வந்தாள்.

தடுக்கவில்லை. அவன் குடித்து முடிக்கும்வரை நின்று, சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.