இடது பக்கத்து ஸ்பீக்கர்

அரும்பாவூர்,
ஆவணி 5, வியாழக்கிழமை.

அன்பு மகள் பிரவீணாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் காரும் சௌக்கியம். அங்கே ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளை தமிழ்மாறனும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். காரை ஏன் சேர்த்தேன் என்று சிரிக்காதே, இந்தக் கடிதமே காரைப் பற்றித்தான், முழுக்கக் காரைப் பற்றியும் இல்லை, கடைசிவரை படி. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் எனக்கு முன்னும் பின்னுமாக வரும், எழுதினால்தான் ஓர் ஒழுங்கு. எழுதி முடித்ததும் படம் பிடித்து இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன், தாளை நாளைக்குத் தபாலில் போடுகிறேன், அது வரும்போது வரட்டும். மழை இந்த வருடம் பரவாயில்லை, மேலக்காட்டில் மக்காச்சோளம் நாலு இலை விட்டிருக்கிறது, பன்றிதான் வந்து கிளறுகிறது. பக்கத்து வீட்டு கொளஞ்சி வெங்காயம் போட்டிருக்கிறான், போட்ட நாளில் இருந்து புலம்பல்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு கேட்காது. ஆனி மாதம் நீ எனக்கு மெசேஜ் போட்டாய். தை மாதப் பிரசவத்துக்கு வாம்மா என்று அம்மாவைக் கூப்பிட்டேன், பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள், இஷ்டமில்லை போல, நான் மாமியாரையே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா, உருப்படியாக ஒன்றுமே செய்யவில்லை. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நாம் எதற்கு, பிளேன் என்றால் பயப்படுகிறாளோ என்னவோ என்று, உன் மாமியார் வரப்போவதை மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் இந்த இரண்டு மாதமாக நீ என்னிடம்தான் பேசுகிறாய், அம்மா எப்படி இருக்கிறாள் என்று கடைசியில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அவளும் உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் அடுப்படிக்குள் போய்விடுகிறாள். வீட்டில் இரண்டே பேர், அதில் ஒருத்தி பேசாவிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

இப்போது காருக்கு வருகிறேன். நீ பெரம்பலூருக்கு வேலைக்குப் போய்வந்த அதே வெள்ளைக் கார்தான், விற்க மனசு வரவில்லை. திருமானூர் அத்தைக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதில் இருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவளைப் பார்க்கப் போய்வருகிறோம். அரியலூர் தாண்டும்வரை சிமெண்ட் லாரிக்குப் பின்னாலேயே ஊர வேண்டியிருக்கிறது, பாட்டு இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். உன் அம்மா ஒவ்வொரு தடவையும், "இந்த செட்டு போயிருச்சுங்க, பாட்டு எங்கயோ கெணத்துக்குள்ள பாடுறாப்ல இருக்கு, மாத்துங்க" என்று நச்சரித்தாள். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனாலும் பழசுதானே, மாற்றித்தான் பார்ப்போமே என்று ஓர் ஆசை. புது பிளேயர் ஒன்று, கதவுக்கு இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலு ஸ்பீக்கர், வயர் எல்லாம் கூரியரில் வரவழைத்தேன். டவுனில் கொடுத்தால் அரை நாளில் மாட்டித் தருவான் என்றான் கொளஞ்சி. முப்பத்திரண்டு வருஷம் கரண்டுக் கம்பத்தில் ஏறி லைன் பார்த்தவன் ஒரு கார் ஸ்பீக்கருக்கு ஆள் வைப்பேனா, நீயே சொல்லு.

பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மற்றதில் கையை வைத்தேன், பயப்படாதே. கதவு அட்டையைக் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கைப்பிடிக்குப் பின்னால் ஒளித்து ஒரு ஸ்குரூ வைத்திருக்கிறான் படுபாவி, அது தெரியாமல் இழுத்து இரண்டு கிளிப்பை உடைத்தேன். உள்ளே உன் ஹேர்பின் ஒன்றும் பேனா மூடி ஒன்றும் கிடந்தன, எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாடி, ஒரு ஸ்பீக்கரை இத்தனை வயதுக்கு நான் உள்ளே பார்த்ததே இல்லை! ஒரு காந்தம், ஒரு சுருள், ஓர் அட்டைக் கிண்ணம், இவ்வளவுதான். அதன் இரண்டு முனையில் கடிகாரத்து பேட்டரியைத் தொட்டால் டொக் என்று அட்டை வெளியே வருகிறது, முனையை மாற்றித் தொட்டால் உள்ளே போகிறது. பிளஸ் எது, மைனஸ் எது என்று இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு பக்கம் மாற்றிக் கொடுத்துவிட்டால் ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்து, மேளச் சத்தம் செத்துவிடுமாம். வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன், அப்படியேதான் ஆயிற்று. காலைச் சாப்பாட்டை மறந்து டொக் டொக் என்று உட்கார்ந்திருந்தேன், "சின்னப் புள்ளைக்கு மேல இருக்கு உங்க கூத்து" என்று உன் அம்மா தட்டைக் கொண்டுவந்து காரிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

எல்லாம் மாட்டி முடித்து அம்மாவை அவள் வழக்கமாக உட்காரும் இடது பக்க சீட்டில் உட்கார வைத்துப் பாட்டுப் போட்டேன். நான் நினைத்தேன், ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எல்லாம் உங்க பக்கமே பாடுது, என் பக்கத்து ஸ்பீக்கர் செத்துக் கெடக்கு" என்றாள். சுருக்கென்றது. அவளை இறக்கிவிட்டு நான் அந்த சீட்டில் உட்கார்ந்தேன், கணீரென்று பாடியது. மறுபடி அவளை உட்கார வைத்தேன், இல்லை என்றாள். பிளஸ் மைனஸ் மாறியிருக்கும் என்று கதவைத் திறந்தேன், மாறவில்லை. வயர் எங்காவது நசுங்கியிருக்கும் என்று முழு வயரையும் உருவி வேறு போட்டேன். வலது கதவு ஸ்பீக்கரை இடதிலும் இடதை வலதிலும் மாற்றினேன். மூன்று நாள், நாலு தடவை அந்தக் கதவைத் திறந்தேன் பிரவீணா. கொளஞ்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன், ரெண்டு பக்கமும் நல்லாத்தான் பாடுது என்றான். அவ்வளவுதான், உன் அம்மாவுக்கு வந்ததே கோபம். "அப்ப நான் என்ன பொய்யா சொல்றேன், இனிமே உங்க கார்லயே நான் ஏறல" என்று கதவை அறைந்துவிட்டுப் போய்விட்டாள். போன வாரம் நாங்கள் அத்தையைப் பார்க்கப் பஸ்ஸில்தான் போனோம், அதுவும் ஆளுக்கொரு சீட்டில்.

லைனில் ஃபால்ட் என்றால் நாங்கள் ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்து உட்கார வைத்து, பிளேயரில் வலது பக்கத்தை மொத்தமாக அணைத்துவிட்டேன். பின்னால் இருப்பதையும் அணைத்தாயிற்று. இப்போது அவள் பக்கத்துக் கதவு மட்டும்தான் பாடுகிறது. எங்கே பாடுது சொல்லு என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் என் பக்கத்துக் கதவைக் கையால் காட்டினாள். "அங்கதான், மெல்லமா பாடுது" என்றாள். அந்தக் கதவில் ஒரு சத்தமும் இல்லை. நான் காதை வைத்தே பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஸ்பீக்கரை மாற்றியாயிற்று, வயரை மாற்றியாயிற்று, மாற்றாமல் இருப்பது என்ன என்று யோசித்தேன். அவள் உட்காரும் விதம் ஒன்றுதான் பாக்கி. சீட்டில் முழங்காலைப் போட்டுப் பின்பக்கம் பார்த்துத் திரும்பி உட்காரு என்றேன். என்ன கண்றாவி இது, ரோட்டில் போகிறவன் பார்த்தால் சிரிப்பான் என்று திட்டிக்கொண்டே திரும்பினாள். திரும்பியதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஆங், இப்ப பாடுதுங்க! இந்தப் பக்கந்தான்! சரி பண்ணிட்டீங்களே!" என்று கதவைத் தட்டித் தட்டிக் காட்டுகிறாள். நான் எதையும் தொடவே இல்லை பிரவீணா. அவள் வலது காது அந்தக் கதவுப் பக்கம் வந்தது, அவ்வளவுதான். அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள், நான் பாட்டை அணைத்தேன்.

செவ்வாய்க்கிழமை திருச்சிக்குக் கூட்டிப்போய்க் காது டாக்டரிடம் காட்டினேன். இடது காது நரம்பு தளர்ந்துபோய் இரண்டு மூன்று வருஷம் இருக்கும், வலது நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, இடது காதுக்கு மெஷின் வைத்தால் ஓரளவு கேட்கும், இன்னும் இரண்டு வாரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றார். மூன்று வருஷமாக நான் எப்படிக் கவனிக்கவில்லை என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். காரில் நான் எப்போதும் அவள் வலப்பக்கம். அடுப்படியில் முதுகுக்குப் பின்னால் நின்று நான் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், திமிர் என்று நினைத்துக் கத்தியிருக்கிறேன். டிவி சத்தத்தைக் கூட்டினால் டிவி பழசு என்று நினைத்துப் புது டிவி விலை விசாரித்து வைத்திருந்தேன். எதைப் பார்த்தாலும் சாமானில்தான் கோளாறு என்று நினைக்கிற புத்தி எனக்கு.

போன் விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் போனை எப்போதும் இடது காதில்தான் வைப்பாள், வலது கையில் கரண்டி இருக்கும். நேற்று காலையில் கேட்டேன், போனில் பிரவீணா பேசுவது புரியுமா என்று. முதலில் புரியும் என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "அவ வாய்க்குள்ளயே பேசுறா, சிக்னல் இல்ல போலன்னு நெனச்சிக்குவேன், ம்ம் ம்ம்னு சொல்லிக்கிட்டே இருப்பேன், பாக்கலாம்மான்னு வெச்சிருவேன், திருப்பித் திருப்பிக் கேட்டா அம்மாவுக்கு வயசாயிருச்சுன்னு புள்ள பயந்துக்கும்ல" என்றாள். வீடியோவில் வந்தால் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், பேச்செல்லாம் நான்தான் பேசுவேன். சரி, பிரசவத்துக்குக் கூப்பிட்டாளே அது, என்றேன். யார் கூப்பிட்டது என்று என்னையே பார்த்தாள். அப்புறம் அழுதுவிட்டாள். "எம்பொண்ணு மாமியாரக் கூப்பிடுறான்னு நீங்க சொல்லித்தானே எனக்குத் தெரியும், பெத்தவள ஒரு வார்த்தை வான்னு சொல்லலயேன்னு ரெண்டு மாசமா எப்படி இருந்தேன் தெரியுமா" என்றாள். நீ அவளைக் கோபித்துக்கொண்டிருக்கிறாய், அவள் உன்னைக் கோபித்துக்கொண்டிருக்கிறாள், எல்லாம் தெரிந்த நான் நடுவில் கதவு அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். தப்பு என்மேல்தான் கண்ணு. அந்த மெசேஜை அன்றைக்கே அவளுக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

நேற்றே படித்துக் காட்டிவிட்டேன். காரில் உட்கார வைத்து, பாட்டை அணைத்துவிட்டு, நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, உன் மெசேஜில் இருந்த வாம்மா என்பதைச் சத்தமாக வாசித்தேன். இன்னொரு தடவை சொல்லுங்க என்றாள். சொன்னேன். இன்னொரு தடவை என்றாள். அது வலது காது பிரவீணா, முதல் தடவையே அவளுக்கு நன்றாகக் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மாவும் வரட்டும், அவர்களை வேண்டாம் என்று சொல்லிவிடாதே, மரியாதையாக இருக்காது, இருவரும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். பாஸ்போர்ட்டுக்கு அம்மா இன்று காலையிலேயே படம் எடுத்துவந்துவிட்டாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிறக்கப்போகும் உயிருக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறு வயது இருங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை பத்து மணி ஆகும்போது கூப்பிடு. அடுப்பை அணைக்கச் சொல்லிவிடுகிறேன், போன் வலது காதில் இருக்கும். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். இதற்கு முன் கேட்டதே இல்லை என்பது போல நீயே வாய் திறந்து முதலில் இருந்து கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பழனிவேல்.

பிரவீணா, அப்பா எழுதினதெல்லாம் படிச்சேன். நான் வரேன். அம்மா பூங்காவனம்.