லீவர் எகிறிய பிறகு

மார்ச் 3, திங்கள்
காலை எட்டே முக்காலுக்கு, எங்கள் காபிக் கடையில் கூட்டம் நிற்கும்போது, எஸ்பிரெஸோ மெஷினின் கைப்பிடி லீவர் எகிறி, என் கணவரின் அக்காவான அண்ணியின் வாயில் அடித்தது. உதட்டில் மூன்று தையல். பல் தப்பியது. அண்ணியும் நானும் இரண்டு வருடமாகச் சேர்ந்து கடை நடத்துகிறோம், இப்படி நடந்ததே இல்லை. "பிடிய நழுவ விட்டிருப்பீங்க அண்ணி" என்றேன். வாயில் பஞ்சு இருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்
வீட்டுக்காரர் ஒரே பிடியாக நிற்கிறார். "அந்தக் கெழட்டு மெஷின வித்துட்டு பட்டன் வச்சது வாங்கு. எங்கக்கா மூஞ்சியப் பாத்தியா?"
பார்த்தேன். ஆனால் ஸ்பிரிங் புதுசு. காரணம் வேறு எங்கோ இருக்கிறது. கண்டுபிடிப்பேன்.

மார்ச் 5, புதன்
மதியமே கடையை மூடிவிட்டு மெஷினோடு உட்கார்ந்தேன். லீவரைக் கீழே இழுத்தால் தண்ணீர் வந்து காபித்தூளை நனைக்க வேண்டும். தூள் சீராக ஊறி இறுகினால்தான், கையை விட்டதும் ஸ்பிரிங்குக்குத் தடை கிடைத்து லீவர் மெதுவாக ஏறும். இன்று ஒரு காபி இறக்கி, வடிந்த தூளைத் தட்டிப் பார்த்தால், ஓரத்தில் எலி வளை மாதிரி ஒரு துளை. தண்ணீர் பாய்ந்து வந்து குடைந்திருக்கிறது. பிறகு லீவர் எகிறாமல் என்ன செய்யும்?

ஏன் இந்த வேகம்? தண்ணீர் வால்வு முழுசாகத் திறந்திருந்தது. திறந்தது யார்?

நான்தான். சனிக்கிழமை கடை மூடும் முன்னால். திங்கள் கூட்டத்துக்குக் கப் சீக்கிரம் நிரம்பட்டுமே என்று.

ஐயோ. தையல் போட்டுட்டு உக்காந்திருந்த மனுஷியப் பாத்து நழுவ விட்டீங்கன்னு சொன்னேனே — எனக்கு எப்படி வாய் வந்துச்சு?

மார்ச் 6, வியாழன்
வால்வு கால் சுற்று: தூள் பாதி காய்ந்தே கிடந்தது. அரைச் சுற்று: எட்டாவது விநாடியில் முதல் சொட்டு. அப்போது கையை விட்டேன். லீவர் சோம்பல் முறிப்பது போல ஏறியது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு பதினோரு தடவை. பதினொன்றும் அப்படியே. எனக்குத் தெரியும், மெஷின் மேல் குற்றமில்லை.

மார்ச் 7, வெள்ளி
சொல்லிவிட்டேன். "வால்வத் தொறந்தது நான்தான் அண்ணி."
"என் கை நழுவலன்னு எனக்குத் தெரியாதா?" சிரிக்கப் போய் உதட்டைப் பிடித்துக்கொண்டார். "தம்பிகிட்ட சொன்னியா?"
"இன்னும் இல்ல."
"மொதல்ல போய்ச் சொல்லு. அவன் மெஷின வாங்க ஆள் பாத்துட்டு இருக்கான்."

மார்ச் 8, சனி
வீட்டுக்காரரிடமும் சொன்னேன். சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "அக்கா மறுபடி அது முன்னாடி நின்னா இருக்கட்டும். இல்லன்னா வித்துருவேன்" என்றார்.

மார்ச் 10, திங்கள்
அண்ணி வந்தார். கப் மட்டும் கழுவினார்.

மார்ச் 13, வியாழன்
இன்றும் கப்தான். லீவர் பக்கம் திரும்பவில்லை. நான் வற்புறுத்தவில்லை. லீவரை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் விநாடியை வாய்விட்டு எண்ணினேன். சாயங்காலம் பார்க்கிறேன், அவர் உதடும் என்னோடு எண்ணுகிறது.

மார்ச் 20, வியாழன்
காய்ச்சல். எழுந்திருக்கவே முடியவில்லை. "இன்னைக்குக் கடை வேணாம் அண்ணி" என்று காலையில் போன் செய்தேன். "ம்" என்றார்.

பதினோரு மணிக்கு அவரே கூப்பிட்டார். "உன் அரைச் சுத்துல காபி லேசாக் கசக்குது. வால்வ ஒரு முடியளவு கூடுதலாத் தொறந்து வச்சிருக்கேன். இப்ப நல்லா இருக்கு. நீ போத்திக்கிட்டுத் தூங்கு."

நான் ஏதும் கேட்பதற்குள் வைத்துவிட்டார். அவர் பேசும்போதே பின்னால் கடைக் கூட்டத்தின் சத்தம் கேட்டது.