பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பேர்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நானும் சுண்டுவும் இங்கே நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது, கை நீளம், மடித்துப் போட்டுக்கொள்கிறேன். இனி சொல்லப்போவதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் பாதியிலேயே நீ ஏம்மா உனக்கு இந்த வேலை என்பாய், நானும் சரி விடு என்று வாயை மூடிக்கொள்வேன். காகிதத்துக்குக் குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

உன் அக்கா மகள் சுண்டு வீட்டு வசதி அலுவலகத்தில் சேர்ந்தது உனக்குத் தெரியும். யார் யாருக்குத் தங்க இடமில்லை, எங்கே என்ன கட்ட வேண்டும் என்று கணக்கெடுத்து அரசாங்கத்துக்குத் திட்டம் எழுதிக் கொடுக்கிற வேலை. நீ கையெழுத்துப் போட்டால் கட்டடம் எழும்பிவிடுமா என்று கேட்டேன், நான் போட்டா பத்தாது பாட்டி, எனக்கு மேல ஒரு வரிசையே போடணும் என்றாள். அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் அந்த வரிசை முழுவதற்கும் சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். இப்போது பஸ் நிலையத்துப் பக்கம் பெண்களுக்கு ஒரு இரவு விடுதி கட்டுவதா வேண்டாமா என்று முடிவாக வேண்டும். போன கணக்கெடுப்பில் அங்கே ஒரு பெண்கூடப் படுப்பதில்லை என்று எழுதிவிட்டார்கள். இந்த முறையும் அப்படியே வந்தால் விடுதி கிடையாது, அந்த இடம் வண்டி நிறுத்தப் போய்விடும். பொம்பளைங்க இருக்காங்க பாட்டி, எங்க ஆளுங்க கண்ணுலதான் படல என்று சொல்லிவிட்டுச் சோறு இறங்காமல் கிடந்தாள்.

அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கணக்கெடுக்கிறவர்கள் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, வீடு உள்ள சிலரையே வீடில்லாதவர்கள் மாதிரி அங்கங்கே உட்கார வைப்பார்களாம். சோதனை ஆள் என்று பேர். வந்து கேட்டால் அலுவலகத்தில் கொடுத்த மஞ்சள் அட்டையைக் காட்ட வேண்டும், கேட்காமலே போனால் கோட்டை விட்டார்கள் என்று அர்த்தம். பஸ் நிலையத்துக்கு வயதான பெண் ஒருத்தி வேண்டும் என்றதும் நானே வருகிறேன் என்றேன். கொண்டையை அவிழ்த்து விட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, நாடகத்துக்கா போறே, இப்படியே வா என்று திட்டினாள்.

கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கும் நேரத்தில் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் என்னைவிடக் கொஞ்சம் சின்னவள் ஒருத்தி, தலையைப் படிய வாரி, செருப்பை ஜோடியாக வைத்து, மடியில் ஜிப் போட்ட பையோடு இருந்தாள். யாரோ ஊருக்குப் போகிறவள் என்றுதான் நானும் நினைத்தேன். ஒவ்வொரு பஸ் வரும்போதும் எழுந்து போர்டைப் படிப்பாள், மறுபடி உட்காருவாள். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து, புதுசாக்கா, வாட்ச்மேன் வந்தா எந்திரிச்சு போர்டப் பாருங்க, பயணின்னு நெனச்சு விட்டுருவான் என்றாள். இவள் எந்த ஊருக்கும் போகிறவள் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பையனா, பொண்ணா என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. உங்கள வெளிய அனுப்புனது என்றாள். என் பையன் வெளிநாட்டில் இருக்கிறான் என்றேன், உண்மைதானே. என்னுதும் வெளிநாடுதான் என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அது அவள் கதையாகவே ஆகிவிட்டது. அக்கா வீட்டில் இரும்மா என்று சொல்லி மகன் வீட்டை விற்றானாம், மகள் புருஷனுக்கு இடம் போதவில்லையாம். தெரிந்தவன் ஒருத்தன் இவளை இங்கே பார்த்துவிட்டு மகனுக்குப் போன் போட்டிருக்கிறான். அது எங்கம்மா இல்ல, எங்கம்மா அக்கா வீட்ல இருக்காங்க, வேற யாராவது இருக்கும் என்றானாம் அவன். அவன் பொய் சொல்லலக்கா, அவனுக்கு அப்படித்தான் தெரியும் என்று மகனுக்காக என்னிடம் வக்காலத்து வாங்கினாள்.

அப்போதுதான் கணக்கெடுக்கிற பையன்கள் வந்தார்கள். பஸ்ஸுக்கா வெயிட் பண்றீங்க என்று கேட்டார்கள். என் கை பைக்குள் அட்டையைத் தொட்டது. அதற்குள் அவள், ஆமா தம்பி, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறோம், அக்காவுக்கு முட்டி வலி, கூட்டம் குறையட்டும்னு இருக்கோம் என்றாள். என் மானத்தைக் காப்பாற்றினாள், சின்னவனே. நான் அட்டையை எடுத்தால் அவளை வேடிக்கை பார்க்க வந்தவள் ஆகிவிடுவேன். கையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். பத்திரமாப் போங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சுண்டுவிடம் சொன்னேன். பஸ்ஸுக்கான்னு கேட்டா ஆமான்னுதானே சொல்லுவாங்க, இன்னிக்கு எங்க படுப்பீங்கன்னுல்ல கேட்டிருக்கணும் என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். மேலே போய்ச் சண்டை பிடித்து, அந்த நிலையத்துக்கு மட்டும் மறு கணக்கெடுப்பு வாங்கிவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை பெண்களே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். நான் உட்கார்ந்துவிட்டு வந்ததற்கு மறுநாள் அவளைப் போய்ப் பார்த்தபோது, நேத்து எங்க படுத்தீங்க, காணோமே என்றாள் அவள். பேத்தி வீட்டில் என்றேன். எத்தனை நாளைக்கு வெச்சுப்பா என்று கேட்டாள். நீங்களும் வாங்க என்று கூப்பிட்டேன், விருந்தும் மருந்தும் மூணு நாள், என்னால உங்க இடத்தையும் கெடுத்துக்காதீங்க என்றுவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு ஒன்றும் சரியாக இல்லை. தெருவில் பஸ் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறேன். கட்டிலுக்குக் கீழே செருப்பை ஜோடியாக வைத்திருக்கிறேன், எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. கூடத்தில் தனியாக இருந்தால் பையனா பொண்ணா என்று யாரோ கேட்கிற மாதிரி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நானும் அவள் பக்கத்தில் உட்காரப்போகிறேன். எத்தனை பெண்கள் வந்து கேட்டாலும் அவள் வாயிலிருந்து வராது, தான் முதல் ஆளாகச் சொல்ல வெட்கப்படுவாள். அதனால் நான் முதலில் சொல்ல வேண்டும், எனக்குப் படுக்க இடமில்லை என்று. அப்புறம் தனியாக அட்டையைக் காட்டினால் என்னைக் கழித்துவிடுவார்கள், அவள் கணக்கில் நிற்பாள். சுண்டு சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது. இப்போது தடங்கலில்லாமல் வருகிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்னோடு படித்த தையல்காரர் மகன் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய் வருகிறான். அவன் என்னைப் பார்ப்பான், உனக்குப் போன் போடுவான். மானம் போகிறதே என்று நினைக்காதே. ஆமாம், எங்கம்மாதான் என்று சொல்லு. பக்கத்தில் இருப்பது யாரென்று கேட்டால், சித்தி என்று சொல்லிவிடு.

சின்னக் குட்டிக்குக் காதில் குளிர் படாமல் பார்த்துக்கொள். மருமகளோடு சண்டை போட்டால் அன்றைக்கே பேசிவிடு, வாசற்படி தாண்டவிடாதே. நீங்கள் எல்லாரும் ஒரு கூரைக்குக் கீழே நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும் என்பது தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்,
உன் அம்மா